பதினேழு ரன்னுக்குள் தோற்பது எப்படி?

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஓனர், ஐ.பி.எல். கிரிக்கெட்டில் ஆர்.சி.பி. (பெங்களூர்) கட்சி. நான் சி.எஸ்.கே. (சென்னை). என்னுடைய பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. இந்த மூன்று தகவல்களையும் சேர்த்துப் படித்தால், ஏப்ரல், மே மாதங்களில் நான் எவ்வளவு அடக்கமான மனிதன் என்பது உங்களுக்கே விளங்கும்.

சென்னை சிக்ஸ் அடித்தால் தலையணையைக் கடித்துக்கொள்வேன். மாடியில் ஓனரின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் விக்கெட் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் என் மகள் வேறு இந்த ஊரிலேயே பிறந்தவள். “ஈ சல கப் நம்தே” (இந்தத் தடவை கோப்பை நமதே) என்று அவள் கத்தும்போது மாடியிலிருந்தும் அதே குரல் வரும். கீழ்வீட்டில் நான் மட்டும் சிறுபான்மை.

2024இல் முதல் எட்டு ஆட்டங்களில் ஆர்.சி.பி. ஏழில் தோற்றது. ஏழாவது தோல்வி ஏப்ரல் 21 அன்று கொல்கத்தாவில், ஒரே ஒரு ரன்னில். மறுநாள் ஓனர் மோட்டார் போடக்கூட மறந்துவிட்டார். நான் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு படியேறி, “என்ன சார், இப்படி ஆயிடுச்சே” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “லெக்க இன்னும் முடியல சார்.”

லெக்க என்றால் கணக்கு. மற்ற ஊர்களில் கிரிக்கெட் பார்க்கக் கண் இருந்தால் போதும், பெங்களூரில் கால்குலேட்டரும் வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் இங்கே தட்டுவண்டிக்காரர் முதல் சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர் வரை ‘மும்பை இவனைத் தோற்கடித்து, ராஜஸ்தான் அவனிடம் தோற்று, இடையில் ஒரு மழையும் பெய்தால்’ என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம். ஓனரோ பொதுத்துறை நிறுவனத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். விட்டுவிடுவாரா?

அந்தப் பாழாய்ப்போன ஏழு தோல்விக்குப் பிறகு ஆர்.சி.பி. வரிசையாக ஐந்து ஆட்டங்களை ஜெயித்துத் தொலைத்தது. மே 18, கடைசி லீக் ஆட்டம். சின்னசாமி மைதானம். எதிரே யார்? நாங்கள்தான். எங்களுக்கு 14 புள்ளி, அவர்களுக்கு 12. அடுத்த சுற்றுக்கான நான்காவது இடம் ஒன்றுதான் மிச்சம். அவர்கள் ஜெயித்தால் இருவருக்கும் 14. வெற்றிகளும் ஏழு ஏழு. பிறகு நெட் ரன் ரேட், அதாவது ஓவருக்கு அடித்த சராசரி ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த சராசரி ரன்னைக் கழித்தது, தீர்ப்பு சொல்லும்.

காலையிலேயே ஓனர் பெஸ்காம் கரண்ட் பில்லோடு இறங்கி வந்தார். பில்லின் பின்பக்கம் முழுக்கக் கணக்கு. “நோடி சார். உங்க ரேட் 0.528, எங்க ரேட் 0.387. வித்தியாசம் 0.141. பதிமூணு ஆட்டத்துக்கு 1.83. இன்னைக்கு நாங்க ஒரு ரன்னுல ஜெயிச்சா, இருபது ஓவருக்கு வகுத்தா எங்களுக்கு 0.05 ஏறும், உங்களுக்கு 0.05 இறங்கும். ரன்னுக்குப் பத்துல ஒண்ணு. அப்போ 1.83க்கு எத்தனை ரன்?”

“பதினெட்டு சார்.”

“லெக்க சரி இதே!” என்று என் தோளைத் தட்டினார். டி.வி.யிலும் அதையேதான் சொன்னார்கள். பதினெட்டு ரன் வித்தியாசத்தில் அவர்கள் ஜெயித்தால் அவர்கள் உள்ளே. நாங்கள் பதினேழு ரன்னில் தோற்றால் நாங்கள் உள்ளே. நாற்பது வருடமாகக் கிரிக்கெட் பார்க்கிறேன், எங்கள் அணி ஒழுங்காகத் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றுதான்.

எனக்கும் கணக்கு வரும் என்று காட்ட ஆசை. ஆர்.சி.பி. இரண்டாவதாக ஆடி 200 ரன்னைத் துரத்தினால் 18.1 ஓவரில் முடிக்க வேண்டும் என்றார்கள். கால்குலேட்டரில் 18.1 என்று தட்டி வகுத்தேன். விடை உதைத்தது. மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, 18.1ன்னா பதினெட்டு ஓவரும் ஒரு பந்தும். 109 பந்து. ஆறால வகுத்தா 18.17. பாயிண்டுக்கு அப்புறம் ஆறாம் வாய்ப்பாடுப்பா!” என்றாள். அவள் பள்ளிக்கு நான் கட்டும் ஃபீஸ் வீண்போகவில்லை.

இதற்காக நான் வெட்கப்படவில்லை. நாட்டின் மானத்தையே தோளில் சுமந்தவர்களும் இங்கே வழுக்கியிருக்கிறார்கள். 2003 உலகக் கோப்பையில், டர்பனில், மழைக்கு நடுவே தென்னாப்பிரிக்காவின் பவுச்சர் ஒரு சிக்ஸ் அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று அடுத்த பந்தைப் பக்குவமாகத் தட்டி வைத்தார். கையிலிருந்த மழைக்கணக்குத் தாளில் இருந்தது சமனாகும் ஸ்கோர், ஜெயிக்க இன்னும் ஒரு ரன் வேண்டும். மழை வலுத்தது, ஆட்டம் சமன், சொந்த மண்ணிலேயே உலகக் கோப்பை அம்பேல். 2023 ஆசியக் கோப்பையில் லாகூரில் ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போக 292 ரன்னை 37.1 ஓவரில் எட்ட வேண்டியிருந்தது. அந்தப் பந்தில் விக்கெட் விழுந்ததும் எல்லாம் முடிந்ததென்று உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையில் 37.4 ஓவருக்குள் ஒரு சிக்ஸ் அடித்து 295ஐத் தொட்டிருந்தாலும் போதும். அது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடைசி ஆட்டக்காரர் இரண்டு பந்தைக் கட்டை போட்டுத் தடுத்துவிட்டு அவுட்டாகிப் போனார். அவர்களுக்கு என் மகளைப் போல ஒருத்தி இல்லை.

சரி, மழைக்கு வருவோம். அந்த 2024இல் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம். மார்ச்சில் போர்வெல்கள் வற்றி, லாரித் தண்ணீருக்கு முன்பதிவு செய்து காத்திருந்தோம். பிப்ரவரியிலிருந்தே வருண பகவானை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஓனர், மே 18 அன்று மட்டும் மழை வேண்டாம் என்று கணபதிக்குத் தேங்காய் உடைத்தார். ஆட்டம் நின்றால் ஆளுக்கு ஒரு புள்ளி, நாங்கள் 15, அவர்கள் 13. ஆகவே நான் ஊரின் பொதுநலம் கருதி மழை வேண்டி உட்கார்ந்தேன்.

மூன்று ஓவர் முடிந்ததும் பெய்தது! சமையலறையில் போய் யாருக்கும் தெரியாமல் ஒரு குதி குதித்தேன். ஆனால் சின்னசாமி மைதானத்துக்கு அடியில் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஊரே குடத்தோடு நிற்கும்போது, வந்த தண்ணீரை வேண்டாம் என்று உறிஞ்சி வெளியே தள்ள இந்த ஊரில் ஓர் இயந்திரம்! ஆட்டம் மீண்டும் தொடங்கியது.

ஆர்.சி.பி. 218. ஆக எங்களுக்கு வேண்டியது 201. எங்கள் கேப்டன் ருதுராஜ் முதல் பந்திலேயே அவுட். ரச்சின் 61 அடித்தார். கடைசி ஓவருக்கு வந்தபோது ஜெயிக்க 35, ‘ஒழுங்காகத் தோற்க’ 17. தோனியும் ஜடேஜாவும் ஆடுகிறார்கள். பந்து வீசுபவர் யஷ் தயாள், முந்தைய வருடம் ஆமதாபாத்தில் கடைசி ஓவரில் ரிங்கு சிங்கிடம் தொடர்ச்சியாக ஐந்து சிக்ஸ் வாங்கியவர். எனக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

முதல் பந்தை தோனி 110 மீட்டருக்குத் தூக்கினார். பந்து கூரையைத் தாண்டி வெளியே போயிற்று. தலையணையை மறந்து வாய்விட்டுக் கத்திவிட்டேன். மாடியில் அமைதி. அந்தக் கத்தலுக்கு எத்தனை சதவீத வாடகை உயர்வு என்று மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டது. அங்கேதான் விதி விளையாடியது. நனைந்து சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டிருந்த பந்து தெருவோடு போய்விட்டதால், பவுலர் கைக்கு உலர்ந்த பந்து வந்தது. அடுத்த பந்தில் தோனி கேட்ச். மிச்சம் நான்கு பந்தில் ஒரே ஒரு ரன். மொத்தம் 191. மாடியில் நாற்காலி நகரவில்லை, உருண்டது.

நான் ஆற்றாமையில் மகளிடம் வாதாடினேன். “இது என்ன நியாயம்? நேருக்கு நேர் யார் ஜெயித்தார்கள் என்றுதானே பார்க்க வேண்டும்? அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் பேஸ்பாலில்கூட அதைத்தான் பார்க்கிறார்களாம்!”

“சேப்பாக்கத்துல நீங்க ஜெயிச்சீங்க, இங்க நாங்க ஜெயிச்சோம். ஒண்ணுக்கு ஒண்ணு. அதுக்கப்புறம்?”

அதற்கப்புறம் சீட்டுக் குலுக்க வேண்டியதுதான். கேலி இல்லை. 1990 கால்பந்து உலகக் கோப்பையில் அயர்லாந்தும் நெதர்லாந்தும் புள்ளி, கோல் எல்லாம் சமமாகி, இரண்டாம் இடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் உத்திரமேரூரில் ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கிய நமக்கு இது புதிதல்ல. குடத்தில் போட்டிருந்தால் எங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கும்.

நான்கு நாள் கழித்து, மே 22 அன்று, ஆமதாபாத்தில் ராஜஸ்தானிடம் ஆர்.சி.பி. தோற்று வெளியேறியது. நான் துக்கம் விசாரிக்கப் படியேறினேன். இந்தத் தடவை ஓனர் கணக்கு ஏதும் சொல்லவில்லை. காபி கொடுத்தார். வாடகையை மட்டும் ஐந்து சதவீதம் ஏற்றினார்.

2025இல் அவர்கள் கோப்பையே வாங்கினார்கள். மறுநாள் மைதானத்து வாசலில் நடந்த நெரிசல் சாவுகளை நினைத்தால் அந்த வெற்றியை வைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கதையை மட்டும் சொல்கிறேன். அந்த வருடம் பட்டியலின் அடியில் சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் ஆளுக்கு 8 புள்ளி, ஆளுக்கு நான்கு வெற்றி. ஓனர் பெஸ்காம் பில்லோடு இறங்கி வந்து, தாமே கணக்குப் போட்டுக் காட்டினார். நெட் ரன் ரேட்டில் ராஜஸ்தான் ஒன்பது, நாங்கள் பத்து.