எண்ண மறுக்கும் ஆங்கிலம்

மலேசியாவின் செராஸ் மளிகைக் கடைகளில் அரிசியும் மைசூர்ப் பருப்பும் பக்கத்துப் பக்கத்து மூட்டையில்தான் இருக்கின்றன. ஆங்கில இலக்கணத்துக்கு மட்டும் அவை வேறு வேறு சாதி. பருப்பை எண்ணலாம், ‘மெனி லென்டில்ஸ்’. அரிசியை எண்ணக்கூடாது, ‘மச் ரைஸ்’. ஓட்ஸ் பன்மை, கோதுமை ஒருமை. மலாய்க்காரர் ஆளுக்கும் தண்ணீருக்கும் ‘பாஞாக்’ என்று முடித்துவிடுகிறார், கண்டனீஸ்காரருக்கு இரண்டுமே ‘ஹோ தோ’, நமக்கு ‘நிறைய’. இம்மூன்று மொழியும் புழங்கும் ஊரில் ஒரு கடைக்காரர் ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று பலகை வைத்தால் அது அறியாமை அல்ல. உள்ளே நாலு நாற்காலி கிடப்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

விதி விதிதானே என்பார்கள். சரி, யார் போட்ட விதி? எண்ணக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ வேண்டாம், ‘ஃபியூவர்’தான் நயம் என்று 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் எழுதியது தம் சொந்த விருப்பமாகத்தான், 9ஆம் நூற்றாண்டிலேயே ஆல்ஃபிரட் மன்னர் அதற்கு மாறாக எழுதியிருக்கிறார். அந்த விருப்பம் விதியாக வளர்ந்து, 2008இல் பிரிட்டனின் டெஸ்கோ பேரங்காடியையே மிரட்டியது. ‘10 பொருள் அல்லது குறைவாக (லெஸ்)’ என்ற வரிசைப் பலகையை ‘10 பொருள் வரை’ என்று மாற்றி, அந்த நிறுவனம் நைசாக நழுவியது. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வில் புள்ளி குறையுமே என்ற பெற்றோர் கவலை நியாயம். பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும். அதைத் தர்க்கம் என்று மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சந்தேகமிருந்தால், ‘மணி’ (பணம்) எண்ணமுடியாத பெயர்ச்சொல் என்று கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள்.