மேனாட்டுக் கலை கற்போர் வகையியல்

பாயிரம்

மாணாக்கனே, நிமிர்ந்து அமர்க. மேனாட்டு ஓவியம், சிலை, கட்டடம் ஆகியவற்றின் வரலாற்றை உரைக்கும் நூல்கள் பல உள. அவற்றைக் கற்போரை வகுத்துரைக்கும் நூலோ இதுகாறும் இல்லை. அக்குறை நீங்க இந்நூல் எழுந்தது. இதன் வடவெல்லை திருக்காளத்தி, தென்னெல்லை சித்தூர், நடுவண் திருப்பதி. ஆய்களம், திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டையுள் நிற்கும் இராச மகால்.

அம்மாளிகையைத் தெரிந்தது எற்றுக்கு எனின், அது விசயநகர வேந்தர் மாளிகை. மூன்று தளம் உடையது. கல்லும் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு மரம் சேர்க்காமல் எழுந்தது. கீழே இசுலாமியர் முறை வளைவுகள். உச்சியில் கோயில் முடியை ஒத்த கூம்புகள். ஆதலின் எப்பெயர் இட்டாலும் பாதியே பொருந்தும். ஆய்வுக்கு இதனினும் சிறந்த களம் இல்லை.

கற்றான் ஒருவனை இதன்முன் நிறுத்துக. அவன் வாயினின்று முதலில் வெளிப்படும் சொல்லை 'முதல்வாய்ச்சொல்' என்க. அதனடியாகக் கற்போர் நால்வகைப்படுவர்: பெயரொட்டி, காலங்கோத்தான், இருபடநோக்கி, மரமேறி.

1. பெயரொட்டி

பொருளைக் காணுமுன் அதன் பெயரைக் கண்டுவிடுபவன் பெயரொட்டி. இவன் மூவகையன்.

1.1 தூணொட்டி. தூண்தலையில் சுருள் இருப்பின் அயோனிக்கு, இலை இருப்பின் கொரிந்தியம், இரண்டும் இன்றேல் தோரிக்கு என்பது இவன் கொள்கை. இராச மகாலில் சுருளும் இல்லை, இலையும் இல்லை. எனவே கிரேக்கர் இவ்வழி வந்தனர் எனத் துணிவான்.

1.2 வளைவொட்டி. கூர்வளைவு கண்டவிடத்துக் 'கோதிக்கு' என்பான். பிரான்சு நாட்டுக் கோதிக்குக் கோயில்கள் 12ஆம் நூற்றாண்டில் எழுமுன்பே இசுலாமியர் நாடுகளில் கூர்வளைவு நின்றது என ஆசிரியர் அறிவுறுத்தினும், ஒட்டியதைப் பிரிக்கான்.

1.3 உடலொட்டி. இவனைக் குடிமல்லம் என்னும் ஊர்க்கு அழைத்துச் செல்க. அங்குள்ள இலிங்கம் பொ.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டினது என்பர் அறிஞர் பலர். அதன்மேல் குள்ளன் தோளில் நின்ற ஆண்மகனின் திரண்ட உடலைக் கண்டதும் இவன் 'கிரேக்கம்' என்பான். மீலோத் தீவின் வீனசு சிலையும் ஏறத்தாழ அக்காலத்ததே எனச் சான்று காட்டுவான். வீனசுக்குக் கைகள் இல. குடிமல்லத்தானுக்கு இரண்டும் உள. ஒன்றில் ஆட்டைத் தலைகீழாகப் பிடித்துள்ளான். இவ்வேறுபாட்டை உடலொட்டி பொருட்படுத்தான்.

2. காலங்கோத்தான்

இவன் முதல்வாய்ச்சொல் ஆண்டெண். இவனும் மூவகையன்.

2.1 நேர்கோத்தான். திருக்காளத்திப் பெருங்கோபுரத்தைக் கிருட்டிணதேவராயர் எடுப்பித்தது 1516. உரோமில் புனித பேதுரு பெருங்கோயிலுக்கு அடிக்கல் இட்டது 1506. இவ்விரண்டையும் ஒரு நூலில் கோத்துவிட்டு அமைதி அடைவான். அக்கோபுரம் 2010இல் சரிந்து வீழ்ந்தபோதும் நூல் அறவில்லை.

2.2 கடன்கோத்தான். மேனாட்டுக் காலப்பெயரை வாங்கி நம் நாட்டுக்கு இடுபவன். இவ்வகைக்கு முன்னோர், மதனப்பள்ளிக் கல்லூரியில் பயிற்றிய அயர்லாந்துப் பாவலர் சேம்சு கசின்சு. இந்தியாவில் மறுமலர்ச்சி என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் 1918இல் நூல் வெளியிட்டார்.

2.3 மெய்கோத்தான். அரியவன். இயேசு சபையார் 1598இல் சந்திரகிரிக்கு வந்ததையும், விசயநகர வேந்தர் வேங்கடபதிராயர் அவையில் அச்சபையின் ஓவியர் படம் தீட்டியதையும் அறிந்தவன். மேனாட்டுக் கலை இவ்வூர்க்கு மெய்யாகவே வந்தது என நிறுவ வல்லான் இவன் ஒருவனே. நிறுவியபின் சுவர்தோறும் வண்ணம் தேடுவான். கிடைப்பது சுண்ணாம்பு.

3. இருபடநோக்கி

சுவிட்சர்லாந்து அறிஞர் ஐன்ரிக்கு வோல்ப்லின், இரண்டு படங்களை அருகருகே திரையிலிட்டுப் பாடம் சொன்னவர். 1915இல் வெளியிட்ட நூலில் ஐந்து இணைகளை வகுத்தார்: கோடும் வண்ணத்திரளும், தளமும் ஆழமும், மூடியதும் திறந்ததும், பன்மையும் ஒருமையும், முழுத்தெளிவும் அரைத்தெளிவும். அவர்வழிக் கற்றவன் ஒற்றைப் பொருளைக் காணும் ஆற்றலை இழக்கிறான். அவன் முதல்வாய்ச்சொல் 'ஆனால்'.

3.1 அகல்நோக்கி. கைப்பேசியில் புளோரன்சு நகர மாளிகை ஒன்றை ஏந்தி, ஒரு கண்ணை அதன்மேலும் மறுகண்ணை இராச மகாலின்மேலும் வைப்பவன்.

3.2 அணுக்கநோக்கி. கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்தவன். இராச மகாலையும் பக்கத்து இராணி மகாலையும் மாறிமாறி நோக்குவான். முன்னதற்கு மூன்று தளம், பின்னதற்கு இரண்டு என்பதே இவன் கண்ட ஆறாம் இணை.

4. மரமேறி

தந்தையும் மகனுமாகிய பானிசுட்டர் பிளெச்சர் இருவர் 1896இல் கட்டட வரலாறு ஒன்று வெளியிட்டனர். நம் நாட்டுக் கட்டடக்கலை மாணாக்கரும் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற நூல் அது. 1901ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்திய, சீன, இசுலாமியக் கட்டடங்கள் 'வரலாறிலா நடைகள்' எனத் தனியே ஒதுக்கப்பட்டன. பின்னைப் பதிப்புகளில் ஒரு மரப்படம் உண்டு. கிரேக்கமும் உரோமும் அதன் அடிமரம், நாம் பக்கக்கிளை.

4.1 அடிமரத்தான். இராச மகாலை நோக்காமலே கடப்பான். அவன் முதல்வாய்ச்சொல் 'பேருந்து எப்போது?'

4.2 கிளையான். மாளிகையை எக்கிளையில் ஏற்றுவது என வருந்துபவன். வளைவை நோக்கின் இசுலாமியக் கிளை; முடியை நோக்கின் இந்தியக் கிளை. இரண்டுக்கும் இடையே கை நீட்டி நிற்பான். மாலை இருளும்வரை நிற்பான்.

திரிபு

ஒருவனிடத்தே இருவகை கலத்தல் திரிபு. அதற்குச் சான்று இராபர்ட் சிசம். 1879இல் நிறைவுற்ற சென்னைச் செனட்டு இல்லத்தை வடிவமைத்த ஆங்கிலேயர். 1883இல் சந்திரகிரியின் பழைய மாளிகை குறித்துக் கட்டுரை எழுதியவர். பெயர் ஒட்டக் கற்றும், மாளிகையை அளந்து நோக்கினார். நோக்கியதைக் கட்டடமாகவும் ஆக்கியோர்க்கு இவ்வகைப் பழியில் பாதி தள்ளுக.

புறனடை

திருப்பதி மலையிறங்கி மொட்டைத்தலையோடு குடும்பமாய் வந்து, வளைவின் நிழலில் புளிச்சோறு பிரிப்போர் எவ்வகை என மாணாக்கன் வினவலாம். வினவுக. இவர் நிழல்நோக்கி எனப்படுவர். உண்டு நோக்குவோர், உறங்கி நோக்குவோர் என இருவகையர். முதல்வாய்ச்சொல் 'அப்பாடா'. மரமின்றித் தடித்த சுவரும் வளைவும் மட்டும் கொண்டு எழுப்பியது எதற்கு என்பதை முதுகால் அறிந்தவர் இவரே. ஆயினும் இவர்க்குப் பாடத்திட்டம் இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. ஆதலின் இந்நூல் இவரை விரித்துரையாது. மாணாக்கன் 1.1 முதல் 4.2 வரை மனனம் செய்து நாளை ஒப்புவிக்க.