ஓசை ஒடுக்கும் அண்ணாச்சி

தென்காசி வட்டாரத்தில் பழைய மொபெட் வைத்திருப்போருள், வண்டி எழுப்பும் இரைச்சலைத் தம் காதுக்கு அப்பாற்பட்ட பொதுப் பிரச்சினையாகக் கருதி நிம்மதியாக ஓட்டிச் செல்வோரே பெரும்பான்மையினர். சிறுபான்மையினரோ, அந்த இரைச்சலை இந்த வாரமாவது அடக்கிவிடுவது என்ற உறுதியோடு, ஞாயிறுதோறும் சைலன்சரைக் கழற்றி வாசற்படியில் வைத்துக்கொண்டு அதன் வாய்க்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி குந்தியிருப்பவர்கள். இங்கு ஆராயப்படும் ‘ஓசை ஒடுக்கும் அண்ணாச்சி’ இப்பிரிவைச் சார்ந்தவர். இவருக்கு வயது ஐம்பதுக்கு மேல், வண்டிக்கு முப்பதுக்கு மேல்.

மொபெட் என்பது மிதிகட்டையோடு சிறு எஞ்சினும் பொருத்தப்பட்ட வண்டி. பிரான்சின் மோட்டோபெக்கான் நிறுவனத் தொழில்நுட்பத்தில் உருவான சுவேகாவும், 1972-இல் வந்த லூனாவும் இந்தியச் சாலைகளுக்கு இவ்வகையைப் பழக்கப்படுத்தின. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, இருவர் அமரத்தக்கது என்ற அறிவிப்பை நம் மக்கள் ஒரு தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொண்டு, குடும்பத்தையும் பால் கேனையும் புல்லுக்கட்டையும் ஒருசேர ஏற்றியதனால், கிராமத்து வீடுகளின் நிரந்தர உறுப்பினராயிற்று. அதன் எஞ்சின் இரு வீச்சு வகை, அதாவது சுழற்சிக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கும் அமைப்புக் கொண்டது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சி என்றால் நொடிக்கு 50 வெடிப்பு, அதே வேகத்தில் நான்கு வீச்சு எஞ்சினுக்கு 25 மட்டுமே. அண்ணாச்சியின் துயரம் அவர் வண்டி வாங்கும் முன்பே வரைபடத்தில் எழுதப்பட்டுவிட்டது என்பது இதன் பொருள்.

இவர் அமைதியை விரும்புபவர் என்று எண்ணிவிடக் கூடாது. ரத வீதித் தேநீர்க் கடையில் இவர் பேசும்போது எதிர்ச்சாரியில் இருப்பவருக்கும் செய்தி போய்ச் சேரும். இவரை உறுத்துவது வேறு. பழைய மொபெட்டுகளில் ஒன்றைப் போல் மற்றொன்று ஒலிப்பதில்லையாதலால், தெருவினர் முகத்தைப் பார்க்காமலே ஆளை அறிந்துவிடுகின்றனர். சீட்டுப் பணம் பாக்கி உள்ள வீட்டுக்காரர் சத்தம் கேட்டதும் திண்ணைக்கு வந்து நிற்கிறார். பிரானூர் பார்டரில் புரோட்டா தின்றுவிட்டு இரவு பதினொரு மணிக்குத் திரும்பினால், அந்த நேரம் மறுநாள் காலை மூன்று வீடுகளில் துல்லியமாக எடுத்துரைக்கப்படுகிறது. இதனோடு ஆடி மாதத்துக் காற்றும் சேர்ந்துகொள்கிறது: செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கிழக்கு நோக்கி வீசும் அந்தக் காற்று, தான் போகும் திசையில் ஒலியைத் தரைப்பக்கமாக வளைத்துக் கொண்டுசெல்லும் இயல்புடையதாகையால், மேற்கிலிருந்து வரும் அண்ணாச்சிக்கு முன்பாகவே அவருடைய வண்டி ஊருக்குள் வந்துவிடுகிறது.

சைலன்சர் என்பது எஞ்சினிலிருந்து சீறி வெளியேறும் புகையை அறைகளிலும் துளையிட்ட குழாயிலும் புகுத்தி, அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, அவற்றின் வலுவைத் தணித்து வெளியே விடும் கலம். துப்பாக்கிச் சைலன்சருக்கு 1909-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம், அதே கோட்பாட்டை மோட்டார் வண்டிக்கும் பயன்படுத்தினார். ஆனால் புகைக்கு வழிவிட வேண்டும் என்பதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. அண்ணாச்சியோ ஓசையையும் புகையையும் பிரித்தறிவதில்லை. இரண்டையும் ஒரே அடைப்பில் நிறுத்திவிடலாம் என்று நம்புகிறார். முதலில் பாத்திரம் துலக்கும் கம்பிநாரைத் திணித்தார். எரியாத எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சி அது ஒரே கட்டியாக இறுகிற்று. அடுத்து முனையில் நீளமான பி.வி.சி. குழாயை மாட்டினார்; ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும் அந்தப் பொருள், மேலகரம் தாண்டுவதற்குள் தலை குனிந்து தரையைத் தொட்டது. இறுதியில் தேங்காய் நாரை இறுக்கி அடைத்தபோதுதான் முழு வெற்றி கிட்டியது. இரு வீச்சு எஞ்சினில் எரிந்த வாயு வெளியேறும் தருணத்திலேயே புதுக் கலவை உள்ளே வர வேண்டும். வெளியேறும் வழி அடைபட்டால் புதியதற்கு இடமில்லை, அடுத்த வெடிப்பும் இல்லை. குற்றாலத்தில் நின்றுவிட்ட அந்த வண்டியை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் மிதித்தே ஊர் கொண்டுவந்து சேர்த்த அண்ணாச்சி, வழியில் சத்தமே கேட்கவில்லை என்று இன்றளவும் சொல்லிக்கொள்கிறார்.

ஒரு ஞாயிறு முழுதும் உழைத்து ஓசையின் ஆற்றலை உண்மையிலேயே பாதியாக்கிவிட்டாலும், டெசிபல் கணக்கில் குறைவது மூன்றே அலகுதான். காதுக்குப் பாதியாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ பத்து அலகு குறைய வேண்டும். எனவே, வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்று அடுக்களையிலிருந்தே தீர்ப்புக் கூறும் மனைவியின் பக்கமே அறிவியலும் நிற்கிறது. அதை ஏற்க மனமில்லாத அண்ணாச்சி நடுநிலையான சோதனைக் களம் தேடிச் சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போகிறார். கொட்டும் நீரின் பேரொலிக்கு அருகே எஞ்சினை முடுக்கினால், நடுங்கும் கைப்பிடியைத் தவிர வேறு சான்று இல்லாத அளவுக்கு வண்டி மௌனமாக இருக்கிறது. உள்ளம் குளிர்ந்து திரும்புகிறார். இலஞ்சி விலக்கு அருகே பழைய சத்தம் மீண்டும் கேட்கத் தொடங்கினால், அதற்குக் காற்றுதான் காரணம்.

உண்மையான மருந்தை மெக்கானிக் முதல் நாளே சொல்லிவிட்டார்: “கரியைச் சுட்டு எடுத்துட்டு, பெண்டு பைப்புல கேஸ்கட்டை மாத்துனாப் போதும் அண்ணாச்சி.” பெட்ரோலோடு லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி வரை எண்ணெய் கலந்து எரிக்கும் எஞ்சினில், அந்த எண்ணெயின் எச்சமே சைலன்சரின் உட்சுவரில் கரியாகப் படிந்து துளைகளை அடைக்கிறது, எஞ்சினும் குழாயும் சேரும் இடத்து மெல்லிய தகடான கேஸ்கட் தேய்ந்தால், புகை சைலன்சருக்குள் நுழையும் முன்பே ‘பட் பட்’ என்று வெளியே கசிகிறது. தீயிலிட்டுச் சுட்டுத் தட்டினால் கரி உதிரும். புதுத் தகடு மலிவான பொருள். அண்ணாச்சி இதை நம்பாததற்குக் காரணமும் அதுவே: இத்தனை ஆண்டுச் சிந்தனைக்குரிய ஒரு சிக்கல் அவ்வளவு சில்லறைக் காசில் தீர்ந்துவிடுவது அவருக்கு அவமதிப்பாகப் படுகிறது.

எல்லா மோட்டார் வண்டிகளிலும் ஓசை குறைக்கும் சைலன்சர் இருந்தாக வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆம் விதி கூறுகிறது. சீசனுக்கு வரும் இளைஞர்கள் பெரிய பைக்குகளில் அதை வேண்டுமென்றே கழற்றிவிட்டுப் பேரருவிச் சாலையில் முழங்கிப் போவதை நோக்க, அண்ணாச்சி சட்டத்தின் கட்சியில் தனியாளாக நின்று போராடுபவர் என்ற பெருமைக்கு உரியவரே. ஆகவே தென்காசிப் பக்கம் வரும் வாசகர்கள், வாசற்படியில் சைலன்சரோடு குந்தியிருக்கும் ஒருவரைக் கண்டால், புதிதாக எந்த யோசனையும் சொல்லிவிட வேண்டாம்; “கேஸ்கட் மாத்தியாச்சா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடையைக் கட்டுவது நலம்.