குருமனை காலியாக இருக்கும்போது

கோடை விடுமுறையை ஒட்டி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருமண்டலங்களில் ஆயர்கள் இடம் மாறுவது வழக்கம். ஒருவரை வழியனுப்பிவிட்டு இன்னொருவரை எதிர்பார்த்திருக்கும் சபைகளின் கேள்விகளுக்கு இந்த இதழில் இடம்.

எங்கள் ஐயா நல்லவர். பிரசங்கமும் அருமை. அவரைப் போய் ஏன் மாற்ற வேண்டும்?
*வாசகி, தூத்துக்குடி*

நல்லவர் என்பதால்தான்! உங்களுக்குச் சில வருஷம் கிடைத்தவர் அடுத்த ஊருக்கும் கிடைக்கட்டுமே. ஆயரை அனுப்புவது திருமண்டலம். சபைகளே ஆளைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்றால், வசதியான டவுன் கோவில்கள் நல்ல ஆயர்களையெல்லாம் வளைத்துப்போட்டுவிடும். பனங்காட்டுக்குள் இருக்கும் சின்னச் சபைக்கு முறை வரவே வராது.

கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்து மாற்றலை நிறுத்தப் பார்க்கிறோம். சரிதானே?
*வாசகர், சாத்தான்குளம்*

குறை இருந்தால் பேராயரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லுங்கள். ஆனால் ஊரை இரண்டாக்கிவிடாதீர்கள். இந்த மண்ணிலேயே அப்படி நடந்திருக்கிறது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், சபைகளை ஊர் ஊராக வளர்த்தவர். ஆங்கிலிக்கன் முறைகளை அவர் விமர்சித்து எழுதியதால், 1835-ல் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். மிஷனெரிச் சங்கம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அவர் ஆற்காட்டுக்குப் போனார். உபதேசியார்கள் பலர் திரும்பி வரச்சொல்லி அழைத்தார்கள், அவரும் வந்தார். சபைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றன. 1838-ல் அவர் மறைந்த பிறகுதான் அந்தப் பிளவு மெல்ல ஆறியது. அவர்மேல் ஜனங்கள் வைத்த அன்பு உண்மையானது. அந்த அன்புக்கே சபை கொடுத்த விலை பெரிது.

புது ஆயர் வரும்வரை கோவில் எப்படி நடக்கும்?
*வாசகர், நாகர்கோவில்*

தடையில்லாமல் நடக்கும். பக்கத்துச் சேகரத்து குருவானவரைப் பொறுப்பு ஆயராகப் போடுவார்கள். திருவிருந்துக்குக் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும், அதற்கு அவர் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார், சபையாரில் ஒருவர் செய்தி கொடுப்பார். மிஷனெரி எப்போதாவது வந்துபோக, உபதேசியாரே ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்து வளர்த்த ஊர்கள் திருநெல்வேலிச் சீமையில் ஏராளம். நீங்கள் அந்தப் பரம்பரை. பயப்படலாமா?

அடுத்த மாதம் மகள் கல்யாணம். மாறிப்போன ஐயாவையே வரவழைத்து நடத்தலாமா?
*மணமகளின் தாய், நாசரேத்*

முதலில் பொறுப்பு ஆயரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்து அழைத்தால் பழைய ஐயா தாராளமாக வரலாம். அவருக்குத் தெரியாமல் அழைத்தால் இருவருக்குமே சங்கடம். ஞாயிறுதோறும் ஓலை வாசிப்பது, 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது எல்லாம் இப்போதைய பொறுப்பாளர் கையில் இருக்கின்றன. அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் இதைப் பேசி முடியுங்கள்.

யார் வருகிறார் என்று பார்த்துவிட்டுக் காணிக்கை போடலாம் என்கிறார்களே சிலர்?
*சபைப் பொருளாளர்*

ஆள் பார்த்துப் போடுவதற்குப் பெயர் காணிக்கையா? கோவில்பிள்ளைக்கு இந்த மாதமும் சம்பளம் கொடுக்க வேண்டும். கரண்ட் பில் புது ஆயருக்காகக் காத்திருக்காது.

இந்த இடைவெளியில் கமிட்டி செய்ய வேண்டிய வேலை என்ன?
*சேகரக் கமிட்டி உறுப்பினர், திருச்சி*

குருமனையைத் திறந்து ஒவ்வோர் அறையாக நடந்து பாருங்கள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிறதா, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்று, மழைக்கு எந்த மூலை ஒழுகும்? ஆயர் குடும்பம் வந்திறங்கிய பிறகு கொத்தனாரைத் தேடாதீர்கள். அடுத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகளில் விட்டுப்போனதைப் பூர்த்தி செய்து, வரவுசெலவுக் கணக்கை முடித்து வையுங்கள். எழுந்து கோவிலுக்கு வர முடியாத முதியவர்கள், நோயாளிகள் பெயரை வீட்டு அடையாளத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். புது ஆயர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது அந்தத் தாள்தான், சால்வை பிறகு. கோவிலை இடித்துக் கட்டுவது போன்ற பெரிய தீர்மானங்களை மட்டும் இப்போது எடுக்காதீர்கள்.

வரப்போகும் ஆயர் ஒரு பெண் என்கிறார்கள். எங்கள் ஊர் ஏற்குமா?
*வாசகர், மதுரை*

சி.எஸ்.ஐ.யில் ஒரு பெண் பேராயராகவே இருந்திருக்கிறார். 2013-ல் நந்தியால் திருமண்டலத்தின் பேராயரானார் புஷ்பலலிதா அம்மையார். ஊர் ஏற்குமா என்று கேட்கிறீர்கள். ஊரில் நீங்களும் ஒருவர்தானே? நீங்கள் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள், பக்கத்து வீடு உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் பள்ளியும் தோழிகளும் மாறிப்போகிறார்கள். புது ஊரில் எல்லோரும் என்னையே கவனிக்கிறார்கள். கஷ்டமாக இருக்கிறது.
*ஆயர் ஒருவரின் மகள்*

உன் கஷ்டம் நியாயமானது, கண்ணு. அதை அப்பா அம்மாவிடம் மறைக்காமல் சொல். பழைய தோழிகளோடு பேசுவதை விட்டுவிடாதே. மிச்சம் சபையாருக்கு: இந்தப் பிள்ளை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்து வந்தவள் அல்ல, பெற்றோரோடு வந்தவள். அவள் உடையையும் மதிப்பெண்ணையும் அளக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்பி, விளையாடக் கூப்பிடச் சொல்லுங்கள்.

புது ஆயரைப் பழையவரோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லையே?
*வாசகி, வேலூர்*

கொரிந்து சபையாராலும் முடியவில்லை. பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி என்று பிரிந்தார்கள். ஒருவர் நட்டார், ஒருவர் தண்ணீர் ஊற்றினார், விளையச் செய்தவர் கடவுள் என்று பவுலே அவர்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. மனசுக்குள் ஒப்பிடுவதைத் தடுக்க முடியாவிட்டாலும், அவர் காதுபட ஒப்பிடாமல் இருக்கலாம். ஒரு வருஷம் பொறுங்கள், இவருடைய நல்ல குணங்களும் தெரியவரும்.

ஆயர் இல்லாத இந்த மாதங்களால் சபைக்கு ஏதாவது நன்மை உண்டா?
*வாசகர், கோயம்புத்தூர்*

உண்டு. வேதபாடம் வாசிக்கக் கூச்சப்பட்டவர் இப்போது வாசிக்கிறார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீட்டு ஜெபம் நடத்துகிறார்கள். வாலிபர் ஒருவர் முதல் செய்தி கொடுத்திருப்பார். ஆயர் வருவார், போவார். ஊரோடு இருக்கப்போவது இவர்கள்தான். புது ஆயர் வந்ததும் இவர்களை மறுபடி பின்வரிசைக்கு அனுப்பாதீர்கள். இவர்கள் செய்த வேலையைச் சொல்லி, அவரிடம் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துங்கள்.