மூன்றரை டிகிரி

கொல்லன் தெருவில் ஊசி விற்பவனைப் பார்த்திருப்பீர்கள். கொல்லன் தெருவில் குடியிருந்துகொண்டு ஊசியைக் கூரியரில் வரவழைப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் மரக்காணத்துக்கு வாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஊரை நெருங்கும்போதே உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைக்கும். அந்தப் பாத்திகளைத் தாண்டித்தான் அவருக்கு வெளிநாட்டு உப்பு வாளி வாளியாக வருகிறது.

வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கும் பவளத் தொட்டிக்காரர் ஒரு தனிப்பிறவி. சென்னையிலும் கோவையிலும் இவர்கள் உண்டு. அங்கே யாரும் சிரிப்பதில்லை. இங்கே கூரியர் பையனே சிரிக்கிறான்.

"ஏன் சார், நம்ம ஊரு உப்பு ஆகாதா?" என்று கேட்டுவிடாதீர்கள். உட்காரவைத்துவிடுவார். கடல்நீர் பாத்தி மாறி மாறி இறுகும்போது கால்சியம் ஜிப்சமாக முன்பாத்திகளிலேயே படிந்துவிடுகிறது. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 25 டிகிரி வரும்போது உப்பு பூக்கிறது. மெக்னீசியம் மிச்சக் கசப்புத் தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது. ஆக, நம் கைக்கு வருவது பெரும்பாலும் வெறும் சோடியம் குளோரைடு. "சாம்பாருக்கு அது போதும். பவளத்துக்கு அது பட்டினி" என்பார். இவரிடம் உள்ள பெரிய தொல்லையே, சொல்வது சரியாக இருப்பதுதான்.

சரி, கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே, ஒரு குடம் மொண்டு வந்தால்? கரையோரத் தண்ணீர் கலங்கல். மழை பெய்தால் கழுவேலி நீர் கழிமுகம் வழியாக வந்து கலந்துவிடும். காலையில் ஓர் உப்பு, மாலையில் ஓர் உப்பு. கடலை அவர் நம்புவதில்லை.

அதனால் கடலை வீட்டிலேயே காய்ச்சுகிறார். அவர் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே உப்பு. அதை ஆர்.ஓ. இயந்திரத்தில் விட்டு உப்பையெல்லாம் எடுப்பார். போதாதென்று இன்னொரு வடிகட்டியில் விட்டு, மிச்சம் மீதியையும் எடுப்பார். பிறகு வாளியைத் திறந்து உப்பைப் போடுவார். இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

காலையில் நாம் காபி குடிக்கும் நேரத்தில் அவர் சொட்டு எண்ணிக்கொண்டிருப்பார். சிறு கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர். அதில் மருந்து ஒவ்வொரு சொட்டாக விழ, நிறம் மாறுகிற சொட்டில் கணக்கு நிற்கும். கால்சியம் 420. மெக்னீசியம் 1,300. ஆல்கலினிட்டி எட்டரை. அந்த நேரத்தில் "பால் பாக்கெட் வாங்கிட்டு வாங்க" என்று யாராவது சொன்னால் முதலிலிருந்து எண்ண வேண்டும். பால் வந்து சேர மணி ஒன்பதாகும்.

அளவு குறைந்தால் மருந்து ஊற்ற வேண்டும். கால்சியத்துக்கான மருந்துக்குக் 'கால்க்வாசர்' என்று ஜெர்மன் பெயர் சொல்வார். அவருடைய மாமியார் ஒருநாள் எட்டிப் பார்த்து, "இது சுண்ணாம்புத் தண்ணியில்ல?" என்று கேட்டுவிட்டார். அதேதான். ஆல்கலினிட்டி ஏற்ற ஆப்ப சோடா. மெக்னீசியத்துக்குப் பேதி உப்பு. வெற்றிலைப் பெட்டியும் அஞ்சறைப் பெட்டியும் நாட்டு மருந்துக் கடையும் சேர்ந்ததுதான் அவருடைய ஆய்வுக்கூடம். ஆனால் கால்சியத்தையும் சோடாவையும் ஒரே மூச்சில் கொட்டினால் தண்ணீர் திரிந்த பால்போல வெளுத்துவிடும். ஆப்பத்துக்குச் சோடா இல்லாமல் போன அன்று வீட்டில் கிளம்பிய கொதிப்புக்குத்தான் மருந்தில்லை.

விருந்தாளிகள் என்றால் அவருக்குக் கிலி. பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்து மூச்சுவிட்டால் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து, 8.3 இருந்த பி.எச். எட்டுக்கு இறங்கிவிடும். சென்ற பொங்கலுக்கு வந்த சித்தப்பா, "நாங்க வந்தா மட்டும் ஜன்னலையெல்லாம் ஏன் திறந்துவைக்கிறான்?" என்று இன்னும் வருத்தத்தில் இருக்கிறார்.

இத்தனைக்கும் தொட்டிக்குள் கல் கட்டும் பவளம் ஒன்றுகூட இல்லை. அவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து நிற்கின்றன. சட்டத்துக்கு அஞ்சியவர் வைத்திருப்பது காளான் போன்ற மென்பவளங்கள். அவற்றுக்குக் கால்சியம் அதிகம் தேவையில்லை. அதைச் சொன்னால், "அளவு அளவுதான்" என்பார்.

அன்றொரு நாள் பக்கத்து அளத்தில் நாற்பது வருஷமாக உப்பு வாரும் பெரியவர் வந்தார். தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, யாரும் தடுக்கும் முன், விரலை விட்டு நக்கினார். தொட்டிக்காரர் அலறியதில் மீன்கள் கல்லுக்குப் பின்னால் ஒளிந்தன.

"மூணரை டிகிரி. கடத்தண்ணிதான்" என்றார் பெரியவர். "தெனம் எவ்ளோ வத்துது?"

"ரெண்டு லிட்டர். தண்ணிதான் வத்தும், உப்பு நிக்கும். அதனால நல்ல தண்ணி ஊத்தி ஊத்திச் சரிபண்ணணும். வெயில் ஏறினா சில்லர் போடணும்."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நாங்க வத்தலையேன்னு வானத்தைப் பாத்துனு கெடக்கறோம். நீ வத்துதேன்னு காசு குடுத்து ஊத்தற. ஒரே தண்ணிதான் தம்பி."

அவர் போனதும் தொட்டிக்காரர் ஒளிவிலகல்மானியை எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அடர்த்தி 1.025. போமே கணக்குக்கு மாற்றினால் சரியாக மூன்றரை.

மறுநாள் அவருடைய நோட்டில், கால்சியம், மெக்னீசியம், ஆல்கலினிட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. தலைப்பு: 'விரல்'.