கீழ்வீட்டுப் பவழமல்லி

புரட்டாசி பிறந்ததும், ராத்திரி படுக்கப் போகுமுன் அம்மா பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு வாசல் தோட்டத்துக்குப் போவாள். பவழமல்லி மரத்தடியில் அதை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் செங்கல் வைப்பாள். விடிவதற்கு முன்பே பூ உதிரத் தொடங்கிவிடும். கீழே விழுந்தாலும் சாமிக்குச் சாத்தலாம் என்று பவழமல்லிக்கு விலக்கு உண்டு. ஆனாலும் மண்ணில் கிடந்ததைப் பொறுக்கி அம்பாளுக்கு வைக்க அவளுக்கு மனசு வராது. ஐந்து மணிக்கு நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தால் புடவையின் நிறமே தெரியாது. அவ்வளவு பூ.

இது டெல்லி சரோஜினி நகரில், எழுபதுகளின் பிற்பாதியில். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அசிஸ்டென்ட். குவார்ட்டர்ஸில் பதினோரு வருஷம் மாடிவீட்டில் இருந்த பிறகு, 1973-இல்தான் கீழ்வீடு கிடைத்தது. கீழ்வீடு என்றால் தோட்டம். முன்னால் ஒரு புல்தரை, பின்னால் நாலு பாத்தி காய்கறி, சுற்றிலும் மருதாணி வேலி. குடிபுகுந்த வாரமே அப்பா எங்கிருந்தோ ஒரு பவழமல்லிக் கன்று வாங்கி வந்து நட்டார். "இது நம்ம வீடா? ரிடயர் ஆனா காலி பண்ணணும். மரமெல்லாம் எதுக்கு?" என்று அம்மா கேட்டாள். "மூணு வருஷத்துல பூத்துடும். அதுக்குள்ள நாம எங்கயும் போயிட மாட்டோம்" என்றார் அப்பா. சொன்னபடியே பூத்தது.

பவழமல்லியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆறேழு வெள்ளை இதழ்கள், காற்றாடி மாதிரி ஒரே பக்கமாகத் திருகியிருக்கும். நடுவில் பவழ நிறம், காம்பும் அதே நிறம். விரல் சூடு பட்டாலே ஓரம் பழுத்துவிடும். மல்லிகைபோல முடிச்சுப் போட்டுத் தொடுக்க முடியாது, காம்பு நைந்துபோகும். ஊசி நூலில்தான் கோக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு முழம் கோத்து வைப்பது என் வேலை. கொலு ஒன்பது நாளும் படிக்கட்டின் முதல் படிக்கு அந்தச் சரம்தான்.

எதிர்வீட்டுப் பெங்காலி மாமிக்கும் அந்த மரத்தில் பாத்தியதை இருந்தது. அவர்கள் பாஷையில் அது ஷியுலி. ஷியுலி உதிர ஆரம்பித்தால் துர்கா பூஜை வந்துவிட்டது என்று அர்த்தம். மூங்கில் கூடையோடு இருட்டிலேயே வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். இவளுக்கு பெங்காலி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேர் ஹிந்தியும் ஓட்டை. ஆனாலும் பேச்சு ஓயாது. சாயங்காலம் சாமிக்குச் சாத்திய சரம் வாடியதும் அம்மா அதை உருவி அவளிடம் கொடுப்பாள். மாமி காம்பை மட்டும் கிள்ளி நிழலில் காயவைத்து, துணிக்குச் சாயம் ஏற்றுவாள். அந்தச் சாயம் ஏறிய கைக்குட்டை ஒன்று எனக்கும் கிடைத்தது.

ஊர்ப் பஞ்சாங்கத்தை டெல்லி மண்ணுக்குப் பொருத்திக்கொள்ள அம்மா பட்ட பாடு எனக்கு இப்போதுதான் புரிகிறது. மார்கழியில் கோலத்து நடுவில் வைக்கப் பரங்கிப்பூ வேண்டும். டெல்லிப் பனியில் பரங்கிக்கொடி டிசம்பருக்கு முன்பே கருகிவிடும். அதனால் எங்கள் வாசலில் சாணிப் பிள்ளையாருக்குத் துலுக்கச் சாமந்திதான். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூவுக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. மார்ச்சில் இலை கொட்டித் துளிர்க்கும் டெல்லி வேம்பு, சரியாக அந்த நாட்களில் பூத்து நிற்கும். மே மாதம் தெருவெல்லாம் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும்போது, வத்தல் வடாம் போட்டு முடித்தாயிற்றா என்று அவசரப்படுவாள். டெல்லிக்குப் பருவமழை வருவது ஜூன் கடைசியில். அதற்குள் காய்ந்தாக வேண்டும்.

அவள் கும்பகோணத்திலிருந்து மல்லிப் பதியன் ஒன்றும் கருவேப்பிலைக் கன்று ஒன்றும் பால்பவுடர் டின்னில் வைத்துக் கொண்டுவந்தாள். மெட்ராஸிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. வழியெல்லாம் தன் டம்ளர் தண்ணீரில் பாதியை அவற்றுக்கு ஊற்றியிருக்கிறாள். முதல் ஜனவரியில் கருவேப்பிலை ஒரு இலை இல்லாமல் கொட்டி வெறும் குச்சியாக நின்றது. ஊரில் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. செத்துவிட்டது என்று அழுதாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி வந்து, நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிக் காட்டினாள். உள்ளே பச்சை. "ஹோலி வரைக்கும் பொறு" என்றாள். ஹோலிக்கு ஒரு வாரம் முன்னால் குச்சியின் கணுக்களில் செம்பழுப்பாய்த் துளிர் விட்டது. அதற்குப் பிறகு எங்கள் பிளாக்கில் யாரும் கருவேப்பிலை வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போனதில்லை.

குளிர்காலத் தோட்டம் அப்பாவுடையது. தசரா முடிந்ததும் சைக்கிளில் பனீரிக்காரன் வருவான். நாற்றுக்கு அங்கே அதுதான் பெயர். பேன்ஸி, ஃப்ளாக்ஸ், டேலியா, ஸ்வீட் பீ. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பா குர்பி என்னும் களைக்கொத்தும் கையுமாகக் குந்தியிருப்பார். போன வருஷச் சாமந்தியின் பக்கக் கன்றுகளைப் பிரித்துத் தொட்டியில் வைத்து, மழைக்காலம் முழுக்க நுனி கிள்ளிக் கிள்ளி வளர்த்து, டிசம்பரில் பந்து பந்தாகப் பூக்க வைப்பார். பிப்ரவரியில் ராஷ்டிரபதி பவன் தோட்டத்தைத் திறந்துவிடும்போது எங்களைக் கூட்டிக்கொண்டு போய், டேலியா எதிரில் நின்று பெயர்ப் பலகையைச் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். அப்போது அது முகல் கார்டன்ஸ். 2023 முதல் அம்ரித் உத்யான்.

டெல்லிக் குளிர்காலம் என்றால் எனக்கு நினைவு வருவது வெளி. பதினோரு மணி வெயிலில் புல்தரையில் கயிற்றுக் கட்டில். நாலு வீட்டுப் பெண்கள் பட்டாணி உரிப்பார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள். ஆரஞ்சுத் தோல் வாசனை. நான் கட்டிலில் கவிழ்ந்து படுத்து கணக்குப் போடுவேன், முதுகில் வெயில் ஏறும். வீட்டுக்குள் போனால்தான் குளிர்.

அப்பா 1992-இல் ரிடயர் ஆனார். காலி பண்ணிய அன்று லாரியில் சாமான் ஏற்றி முடித்த பிறகு அம்மாவைக் காணோம். பின்பக்கம் கருவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது நாங்கள் இருப்பது துவாரகாவில், ஏழாவது மாடியில். சொந்த வீடு. பத்திரம் என் பெயரில் இருக்கிறது. பத்தடிக்கு நாலடி பால்கனி, கம்பி கிரில், பதினான்கு தொட்டிகள். காலையில் தண்ணீர் விட்டால் ஒரு சொட்டுகூடக் கீழே வழியக் கூடாது, அடுத்த மாடியில் துணி காயும். நவம்பர் வந்தால் இலைகளில் கரி படிகிறது. ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்கிறேன். அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது. காற்று மோசமான நாட்களில் அவளை பால்கனிக்கு விடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெயில் காய வெளியே போன அதே மாதங்களில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். பூஜைக்குப் பூ வேண்டுமென்றால் போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் சாமந்தி, நாலு ரோஜா, கொஞ்சம் அருகம்புல். அதில் வசதி இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆடியிலும் அதே டப்பா, தையிலும் அதே டப்பா. அதைப் பார்த்து அம்மாவால் மாசம் சொல்ல முடியவில்லை.

வெளியே இருக்கிற செடிகளுக்கும் மாசம் குழம்பிப்போயிருக்கிறது. 2022 மார்ச், 1901-க்குப் பிறகு நாட்டிலேயே மிக வெப்பமான மார்ச் என்றார்கள். அந்த வருஷம் என் தொட்டியில் ஸ்வீட் பீ மொட்டோடு கருகியது. அப்பா காலத்தில் ஹோலிவரை அது பூத்துக்கொண்டே இருக்கும்.

சரோஜினி நகர் உள்பட ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. சுமார் 12,970 வீடுகள் இருந்த இடத்தில் 25,667 வீடுகள். அந்தப் பழைய வீடுகளில் சுவர் ஓதம் ஏறியிருந்தது, மழையில் கூரை ஒழுகியது. பதினோரு வருஷம் காத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். வீடு கட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வெட்டுகிற மரத்துக்கு ஈடாக வேறெங்கோ கன்று நடுவோம் என்றார்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாற்பது வருஷ வேம்பின் நிழல் அந்த வாசலில்தான் விழுந்தது. வேறு ஊரில் நட்ட கன்று அந்த வாசலுக்கு என்ன செய்யும்? 2018 ஜூனில் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நாள் நானும் போய் நின்றேன். உயர் நீதிமன்றம் மரம் வெட்ட இடைக்காலத் தடை விதித்தது.

எங்கள் பிளாக் அதற்குள் காலியாகிவிட்டிருந்தது. ஜன்னல்களைக் கழற்றியிருந்தார்கள். மருதாணி வேலி ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். கருவேப்பிலை இல்லை. பவழமல்லி இருந்தது, அடிமரம் என் இரண்டு கைக்குள் அடங்காத பருமன். அது பூக்கிற பருவமில்லை. மரத்தடியில் தானாக விழுந்து முளைத்த கன்றுகள் ஏழெட்டு இருந்தன, சொரசொர இலையோடு. வெறும் கையால் மண்ணைத் தோண்டி இரண்டை எடுத்து, தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி அதில் வைத்து மெட்ரோவில் கொண்டுவந்தேன். ஒன்று அந்த மாசமே போய்விட்டது. மற்றது பிழைத்தது. பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது, எங்கள் வாசல் எந்த இடம் என்றே என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தொட்டியில் வைத்த பவழமல்லி எவ்வளவுதான் பூக்கும்? போன புரட்டாசியில்தான் முதல் பூ. பூ கிரில் வழியாக ஆறாவது மாடிக்குப் போய்விடாமல், ராத்திரி தொட்டியைச் சுற்றி அம்மாவின் பழைய காட்டன் புடவை ஒன்றை விரித்து வைக்கிறேன். காலையில் அவள் படுக்கையிலிருந்தே கேட்பாள்: "எத்தனைடி?"

"ஏழும்மா."

ஸ்டீல் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் பழுத்ததைத் தள்ளிவைக்கிறாள். ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கண் தெரியவில்லை. நான் கோத்துக் கொடுத்தேன். ஐந்து பூவைக் காம்போடு காம்பு படாமல் நிதானமாகக் கோத்தாள். "சரம் சின்னதா இருக்கேம்மா" என்றேன்.

"அம்பாள் படமும் சின்னதுதானே. போதும்" என்றாள். ஒதுக்கி வைத்த இரண்டு பூவின் காம்பையும் கிள்ளி, பெங்காலி மாமிக்கு என்று தனியாக எடுத்து வைத்தாள்.