எச்சில் படாத ஊர்

சுத்தத்தைப் பற்றிக் கும்பகோணத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காபியை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற பரம்பரை நாங்கள். தவறிப்போய் விளிம்பில் வாய் வைத்துவிட்டால் பாட்டி அந்த டம்ளரைத் தனியாக ஒதுக்கி, புளி போட்டுத் தேய்த்து, திரும்பத் திரும்ப அலம்பிய பிறகுதான் மற்ற பாத்திரங்களோடு சேர்ப்பாள். மடித்துணி விட்டத்துக்குப் பக்கத்தில், கைக்கெட்டாத கொடியில் உலரும். அதை மூங்கில் கழியால்தான் எடுக்க வேண்டும். குளிக்காத பேரன் நிழல் பட்டாலே துணி மறுபடியும் கிணற்றடிக்குப் போய்விடும்.

அக்கிரகாரத்தோடு நின்றதா இது? டெல்டா முழுக்க டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. சேரியிலிருந்து வருகிறவருக்குத் தனி கிளாஸ், தனி ஆணி. குடித்ததை அவரே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஒரு கிளாஸ் யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்கொட்டாமல் கண்காணித்த சமூகம். உலகத்தில் எந்தத் தொற்றுத் தடுப்புக் கமிட்டிக்கும் இவ்வளவு ஒழுங்கான ஊழியர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட சமூகத்தின் வாரிசுகள் இன்று பல் டாக்டரிடம் போய் ‘ஆ’வென்று வாயைத் திறக்கிறோம். முன்னால் போனவர் வாயிலிருந்து எடுத்த எஃகு நம் வாய்க்குள் வருகிறது. நடுவில் அது எங்கே போனது, என்ன பட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை.

வாணியம்பாடியில் கேட்காமல் விட்டதற்கு என்ன ஆனது என்று பார்க்கலாம். 2022 ஜூலையிலிருந்து 2023 ஏப்ரல் வரைக்குள் திருப்பத்தூர் மாவட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் வந்தது. காய்ச்சல், தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல். வேலூர் சி.எம்.சி., ஐ.சி.எம்.ஆரின் சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை எல்லாம் சேர்ந்து துருவிப் பார்த்தபோது, அவர்களில் 10 பேர் ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்கள் என்று தெரிந்தது. அந்தப் 10 பேரில் 8 பேர் இறந்தார்கள். பல்வலிக்குப் போனவர்கள்.

காரணம் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். பெரியாஸ்டியல் எலிவேட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஈறையும் எலும்பின் மேல் சவ்வையும் நெம்பி விலக்குகிற தட்டை நுனிக் கம்பி. ரத்தத்திலும் எச்சிலிலும் புழங்குகிற அதைக் கொண்டு சலைன் பாட்டில் மூடியை நெம்பித் திறந்திருக்கிறார்கள். மிச்சமிருந்த சலைனைக் கொட்ட மனம் வரவில்லை. பாட்டில் வாயில் பஞ்சைச் செருகி வைத்து, அடுத்தடுத்து வந்தவர்களின் வாயையும் அதிலிருந்தே கழுவியிருக்கிறார்கள். புழக்கத்திலிருந்த பாட்டிலைச் சோதித்தபோது கிருமி அதற்குள்ளேயே இருந்தது. ஒரு பாட்டில் சலைன் என்ன விலை? இரண்டு டிகிரி காபிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அந்தக் காசை மிச்சம் பிடித்த கணக்கில் எட்டு வீட்டில் பந்தல் போட்டார்கள்.

இந்தக் கிருமிக்கு நம்மவர் ஒருவரோடு பழைய சம்பந்தம் உண்டு. 1911இல் ரங்கூன் மருத்துவமனைப் பிணவறையில் இதை முதன்முதலாக அடையாளம் கண்டவர்கள் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற வெள்ளைக்கார டாக்டரும், அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும். மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டு தெருவோரம் கிடந்து செத்தவர்களின் உடம்பில்தான் அது அவர்கள் கண்ணில் பட்டது. நோய்க்கு ‘விட்மோர் நோய்’ என்று பெயர் வந்தது. கிருஷ்ணசாமியின் பெயர் காணாமல் போனது. அது வேறு கதை. கிருமி குடியிருப்பது ஈர மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும். நெல் விளைகிற பூமி என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். தாய்லாந்தின் வடகிழக்கில் வயலில் இறங்குகிற விவசாயிகளை ஆண்டுதோறும் அள்ளிக்கொண்டு போகிறது. வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில், தின்ன ஒன்றுமில்லாமல், 16 ஆண்டு உயிரோடு இருந்ததை அந்த நாட்டு ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். காவிரி டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு ‘வாணியம்பாடி எங்கேயோ இருக்கிறது’ என்று சொல்கிறவர் தம் காலடி மண்ணைக் கொஞ்சம் குனிந்து பார்ப்பது நல்லது.

சாவுகள் நடந்தது 2023இல். கிளினிக் மூடப்பட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு விஷயம் தெரிந்தது 2025 மே மாதம், அதுவும் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய ஆங்கில இதழில் கட்டுரை வந்து, அதைப் பத்திரிகைகள் எடுத்து எழுதிய பிறகு. பஞ்சு வைத்து மூடியது பாட்டிலை மட்டுமல்ல.

2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் யு.சி.எல்.ஏ. மருத்துவமனையிலும் இப்படி ஒன்று நடந்தது. வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற டியோடினோஸ்கோப் குழாயின் நுனி இடுக்கில் வேறொரு கிருமி தங்கி, ஏழு பேருக்குத் தொற்றி, இரண்டு பேர் இறந்தார்கள். அவர்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை. ஆனால் தொற்று தொட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட்ட 179 பேருக்குத் தகவல் அனுப்பி, வந்து பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். நாம் பீதி கிளப்பக் கூடாது என்ற நல்லெண்ணத்திலோ என்னவோ, ஊருக்கு உரக்கச் சொல்லவில்லை. செத்தவர்கள் பீதியடையாமல்தான் செத்திருப்பார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கும்பகோணத்தில் ஒரு கிளினிக். பெயரும் தெருவும் வேண்டாம். நான் கேஸ் நடத்தப் போவதில்லை. சாயங்கால நேரம், வாசல் வரை கூட்டம். சுவரில் தன்வந்திரி படம், அதில் காலையில் சாத்திய மல்லிகைச் சரம். நேற்றைய பூவை இன்றைக்குச் சாத்தினால் தெய்வக் குற்றம் என்பது டாக்டருக்கும் தெரியும், உதவிக்கு நிற்கிற பெண்ணுக்கும் தெரியும். படத்துக்கு நேர் கீழே மேஜைமேல் ஒரு சலைன் பாட்டில். மூடியில் ஊசி குத்தியபடியே நிற்கிறது. எப்போது திறந்தது என்று அதன்மேல் எழுதவில்லை. பக்கத்தில் டெட்டால் கலந்த புட்டியில் ஒரு நீள இடுக்கி ஊறுகிறது. டெட்டால் நிறம் வெளுத்துத் தண்ணீராகிவிட்டது. மூலையில் கரண்டில் ஓடுகிற எவர்சில்வர் பெட்டி, உள்ளே உப்புப் படிந்து வெள்ளையாக. அதற்குள் வாய்க்கண்ணாடி, கொக்கி, குறடு எல்லாம் முங்கிக் கிடக்கின்றன.

“எவ்வளவு நேரம்மா கொதிக்கணும்?”

“கொதி வந்துட்டா எடுத்துருவோம் சார்.”

“ஆட்டோகிளேவ் இல்லையா?”

“இருக்கு சார். கேஸ்கட் போயிருச்சு. ஆள் வரணும்.”

ஆள் எப்போது வருவார் என்று கேட்டேன். டாக்டர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “கூகுள் பார்த்துட்டு வந்துட்டீங்களா?” என்றார். காத்திருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். வரிசை தாமதமாகிறதாம்.

இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவுமில்லை. ஆட்டோகிளேவ் என்பது நம் சமையலறைக் குக்கருக்கு அண்ணன். பாரிஸில் பாஸ்டரோடு வேலை பார்த்த சார்ல்ஸ் சாம்பர்லான் 1879இல் செய்து கொடுத்தது. தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அந்தச் சூட்டைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிருமி வித்துகள் உண்டு. மூடி இறுக்கி, காற்றை வெளியேற்றி, 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவியை 121 டிகிரிக்குக் கொண்டுபோய்க் குறைந்தது கால் மணி நேரம் பிடித்தால்தான் அவை சாகும். அதற்கு முன்னால் பிரஷ் போட்டு, ரத்தமும் சதைத் துணுக்கும் போகத் தேய்த்திருக்க வேண்டும். காய்ந்த ரத்தத்துக்கு அடியில் நீராவி போகாது. பருப்புக்கு மூன்று விசில் விடாமல் இறக்க மாட்டார்கள் எங்கள் வீட்டில். பருப்புக்குக் கிடைக்கிற மரியாதை குறட்டுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு நுட்பமான மோசடியும் இருக்கிறது. கருவிப் பொட்டலத்தின்மேல் ஒட்டுகிற டேப்பில் கோடு கறுத்துவிட்டால் ‘ஸ்டெரைல் ஆயிருச்சு’ என்று எடுத்து நீட்டுவார்கள். கறுத்த கோடு பொட்டலத்தில் சூடு பட்டது என்பதற்குத்தான் சாட்சி. உள்ளே இருந்தது செத்ததா என்று அதற்குத் தெரியாது. மெஷின் வேலை செய்கிறதா என்று அறிய, சூட்டுக்கு லேசில் மசியாத வித்துகளை உள்ளே வைத்து ஓட்டி, எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். வளரவில்லை என்றால் மெஷின் பாஸ். வாரம் ஒருமுறை செய்ய வேண்டிய இந்தச் சோதனையின் பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த போட்டோ வேண்டுமானால் கிடைக்கும், தேதியோடு.

இந்த வேலையையெல்லாம் செய்வது யார்? டாக்டர் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து, இரண்டு நாள் பார்த்துக் கற்றுக்கொண்ட பெண். பெரிய ஆஸ்பத்திரி என்றால் பெயர் பதித்த சட்டை போட்ட ஒப்பந்தக்காரரின் ஆள். போர்டில் டாக்டரின் பட்டங்கள் மூன்று வரி. கருவியைக் கழுவுகிறவருக்கு என்ன பயிற்சி என்று எந்தப் போர்டிலும் இல்லை. வயிற்றுக்குள் போகிற கத்தரியைக் கடைசியாகத் தேய்ப்பது அவள் கைதான். அந்தக் கைக்கு உரப்பான கையுறை உண்டா, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டாயிற்றா, மாசச் சம்பளம் எவ்வளவு? கேட்டால் ‘அது ஏஜென்சி பார்த்துக்கும் சார்’. அழுக்கை எடுக்கிறவரை அழுக்கு என்று ஒதுக்கிய ஊர், அவர் கழுவிக் கொடுத்த கத்தியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறது. கற்றுத்தராமல், கருவி வாங்கித்தராமல், சம்பளம் தராமல் நம்புகிறது. எங்கள் ஆசாரத்துக்கு எச்சிலைப் பற்றிக் கவலையே இருந்ததில்லை, ஆளைப் பற்றித்தான் இருந்தது. வேறு வேறு வாய்களை ஒரே பாட்டிலால் கழுவும்போது அது விழித்துக்கொள்ளாமல் போனதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் இல்லையா என்கிறீர்கள். பேஷாக இருக்கிறது. தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தத் தமிழ்நாடு 1997இலேயே சட்டம் போட்டது. அதை நடைமுறைப்படுத்துகிற விதிகள் வந்தது 2018இல். 21 வருஷம்! சட்டம் பிறந்த அன்று பிறந்த குழந்தை பல் டாக்டருக்கே படித்து, பயிற்சிக்குப் போயிருக்கலாம். விதி வந்தும் நாலைந்து வருஷத்தில் வாணியம்பாடி. 2008இல் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமத்து ஏழைகள் இலவசக் கண் முகாம் வழியாகப் பெரம்பலூருக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அறுவை சிகிச்சையில் தொற்று ஏறி 66 பேர் பார்வை இழந்தார்கள். அதுகூட இந்த அவசரத்தைக் கொஞ்சம் கூட்டவில்லை.

விதி எப்போது விழித்துக்கொள்ளும் என்று கும்பகோணத்துக்கு நன்றாகத் தெரியும். 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருப் பள்ளியில் 94 குழந்தைகள் எரிந்த பிறகுதான் பள்ளிக்கூடத்து மேல் ஓலைக் கூரை வேய்வது தப்பு என்று அரசாங்கத்துக்குப் புலப்பட்டது. அதுவரை அது வெறும் கூரை. இன்று நம் கிளினிக்குகளில் இருப்பது வெறும் பஞ்சு.

2028இல் மகாமகம். குளத்தைத் தூர்வாருவார்கள், ரோடு போடுவார்கள், லட்சக்கணக்கில் வருகிற ஜனங்களுக்கு மருத்துவ முகாம் போடுவார்கள். இந்த ஊரில் எத்தனை கிளினிக்கில் ஆட்டோகிளேவ் ஓடுகிறது, எத்தனை பேரிடம் சோதனைப் பதிவேடு இருக்கிறது என்று மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் அதற்குள் ஒரு பட்டியல் போட்டு, வாசலில் ஒட்டட்டும். செலவு அதிகமில்லை, ஒரு சுருள் டேப் போதும்.

அதுவரைக்கும் வாசகரே, நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் கொஞ்சம் ஆசாரம் பாருங்கள். கருவி, ஒட்டி மூடிய பைக்குள் இருக்கிறதா, பையில் தேதி இருக்கிறதா, உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா என்று கவனியுங்கள். சலைன் பாட்டில் உங்களுக்காகப் புதிதாகத் திறந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொண்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கும்பகோணத்தில் பல் டாக்டருக்குப் பஞ்சமில்லை.